அறுபது அங்குலப் புண்ணியம்

போன மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், மொட்டைமாடி, பிளாஸ்க்கில் டீ. எடுத்துக்கொண்ட புத்தகம் ஹெமிங்வேயின் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா'. 1935ல் வந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தபோது ஒரு நண்பர் சொன்னார்: "என்ன சொல்லுங்க, வேட்டைக்காரன்தாங்க முதல் காட்டுயிர்ப் பாதுகாவலன். அவன் இல்லேன்னா இந்த மிருகமெல்லாம் இன்னிக்கு இருந்திருக்கவே இருந்திருக்காது." யாரும் மறுக்கவில்லை. இரண்டு மூன்று தலைகள் ஆடவும் செய்தன. நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அப்படிச் சும்மா இருந்ததற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் அவருடையதில்லை. ஆவணப்படங்களில் வரும், வேட்டைச் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரத்தில் வரும், யூடியூபில் தொப்பி போட்ட ஒருவர் செத்த மிருகத்தின் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு சொல்வார். முழுப் பொய்யாக இருந்தால் பிரச்சினையில்லை, ஒரு நொடியில் தள்ளிவிடலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை நம் தலையில் கட்டுகிறார்கள்.

பொதுவாகப் பேசினால் இரண்டு தரப்பும் தப்பித்துக்கொள்ளும். ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொள்கிறேன். அங்கோலாவின் ராட்சத சேபிள் இரலை. போர்ச்சுக்கீசிய மொழியில் பாலங்கா நெக்ரா ஜிகாந்த். அங்கோலாவின் கால்பந்து அணிக்குச் செல்லப்பெயரே 'பாலங்காஸ் நெக்ராஸ்'. அந்நாட்டு விமானங்களின் வாலில் இருப்பதும் இதன் தலைதான். வளர்ந்த ஆண் கன்னங்கரேலென்று இருக்கும், வயிறு வெள்ளை. கொம்பு நெற்றியிலிருந்து எழும்பிப் பின்னால் வளைந்து முதுகை நோக்கி வரும், பட்டாக்கத்தி மாதிரி. சாதாரண சேபிளுக்கு நாற்பது அங்குலத்தைத் தாண்டினாலே பெரிய கொம்பு. இதற்கு அறுபதைத் தாண்டியவை உண்டு.

இங்கே ஒரு சின்ன விலங்கியல் சமாச்சாரம். நாம் எல்லாவற்றையும் மான் என்று சொல்லிவிடுகிறோம். புள்ளிமான், கடமான் எல்லாம் மான். வருடாவருடம் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவைக்கும். காட்டில் நடந்துபோகிறவன் கீழே கிடக்கும் கொம்பைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். இரலை அப்படியில்லை. நம் வெளிமானும் சரி, ஆப்பிரிக்க சேபிளும் சரி, பிறந்ததிலிருந்து ஒரே ஜோடிதான், சாகும்வரை தலையிலேயே இருக்கும். ஆக, இரலையின் கொம்பு சுவரில் வேண்டும் என்றால் இரலை செத்தாக வேண்டும். காத்திருக்க முடியாதவன் கொன்றாக வேண்டும்.

சேபிள் என்ற இனத்தை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் இந்தியாவிலிருந்து போனவர் என்பது வேடிக்கை. வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் இன்ஜினீயர். காய்ச்சலுக்காக மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு தென்னாப்பிரிக்கா போனார். விடுப்பில் அவர் எடுத்துக்கொண்ட ஓய்வு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டது. 1836 டிசம்பரில் இன்றைய மகாலீஸ்பெர்க் மலைப்பக்கம் இதுவரை பார்த்திராத கறுப்பு இரலைக் கூட்டமொன்றைக் கண்டு, விடாமல் துரத்தி, ஒன்றை வீழ்த்தினார். நல்ல ஓவியர் வேறு. அந்த விலங்கைப் படமாக வரைந்து புத்தகம் போட்டார். ரொம்ப நாளைக்கு அதற்கு ஹாரிஸ்பக் என்றே பெயர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக எந்தப் பெயர் சொல்லி அதைக் கூப்பிட்டார்களோ, அது புத்தகத்தின் அட்டைக்கு வரவில்லை.

ஹாரிஸ் சுடுவதற்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே சேபிளின் பங்காளி ஒன்று காலியாகிவிட்டது. ப்ளூபக் எனப்படும் நீல இரலை, தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் துப்பாக்கியோடும் கால்நடையோடும் வந்தார்கள். 1800 வாக்கில் கடைசி விலங்கும் போயிற்று. வரலாற்றுக் காலத்தில் ஆப்பிரிக்கா இழந்த முதல் பெரிய பாலூட்டி அதுதான் என்கிறார்கள். இப்போது பாடம் செய்து நிறுத்திய நான்கு உடல்கள் இருக்கின்றன. ஸ்டாக்ஹோம், வியன்னா, லைடன், பாரிஸ். நான்கும் ஐரோப்பாவில்.

இனி நம் நண்பர் சொல்லும் 'பாதுகாவலன்' எப்போது வருகிறான் என்று பார்ப்போம். அவன் வருவதற்கு முன் ஓர் அளவுநாடா வருகிறது. லண்டன் பிக்கடில்லியில் ரோலண்ட் வார்ட் என்பவர் விலங்குகளைப் பாடம் செய்து தரும் கடை வைத்திருந்தார். பணக்கார வேட்டைக்காரர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். 1892ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்தின் பெரிய விலங்குகள், யார் சுட்டது, எங்கே சுட்டது, கொம்பு எத்தனை அங்குலம். அவ்வளவுதான். இன்றுவரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. நம்மூரில் பள்ளி ரேங்க் பட்டியல் வந்தபிறகு படிப்புக்கு என்ன ஆனதோ அதுதான் காட்டுக்கும் ஆனது. அதற்கு முன் வேட்டை என்றால் இறைச்சி, தோல், தந்தம், வீரம், பொழுதுபோக்கு, ஏதோ ஒன்று. பட்டியல் வந்த பிறகு மிருகம் ஒரு எண். எண் என்றால் அதை முறியடிக்க ஒருவன் வருவான்.

இந்தப் பின்னணியில்தான் ராட்சத சேபிள் வெளியே தெரிகிறது. லொபிட்டோ துறைமுகத்திலிருந்து கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களுக்கு அங்கோலாவின் குறுக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் ரயில்பாதை போட்டார்கள், பென்குவேலா ரயில்வே. அதன் இன்ஜினீயர் ஃபிராங்க் வேரியன் என்ற ஆங்கிலேயர். (மறுபடியும் இன்ஜினீயர். சேபிளுக்கு என்ன ராசியோ.) நாட்டின் நடுவே, குவான்சா, லுவாண்டோ என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் மட்டும் இருக்கும் சேபிள்களுக்குக் கொம்பு வேறு மாதிரி இருப்பதை அவர் கவனித்து லண்டனுக்கு மண்டையோடுகளை அனுப்பினார். 1916ல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற அருங்காட்சியக விஞ்ஞானி அதைத் தனித் துணையினமாக அறிவித்து, வேரியன் பெயரையே சூட்டினார்.

வேரியனுக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்த விலங்கைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று போர்ச்சுக்கீசிய நிர்வாகத்திடம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1920களில் தடை வந்தது. சிறப்பு அனுமதி இல்லாமல் யாரும் சுடக் கூடாது. நண்பர் சொன்னதன் பாதி உண்மை இதுதான். "பாத்தீங்களா, வேட்டைக்காரன்தானே காப்பாத்தினான்?" சரி. காப்பாற்றினான். அந்தச் 'சிறப்பு அனுமதி' யாருக்குக் கிடைத்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாமா?

1925ல் ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தர் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக அங்கோலா போனார். அந்த மியூசியத்தின் ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடத்தில் இன்றும் ராட்சத சேபிள் குடும்பம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. 1929ல் பிரென்டிஸ் கிரே என்ற அமெரிக்க வங்கியாளர் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்காகப் போனார். மூன்று வருடம் கழித்து வட அமெரிக்க வேட்டை விலங்குகளின் சாதனைப் பட்டியலைத் தொகுத்து வெளியிட்டவரும் இதே கிரேதான். 1933ல் லண்டனில் கூடிய காலனி நாடுகள் ராட்சத சேபிளை முதல் வகுப்புப் பாதுகாப்பில் சேர்த்தன. அதிலும் 'முக்கியமான அறிவியல் நோக்கத்துக்கு' ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். இதன் நடைமுறை அர்த்தம் என்னவென்றால், அந்தக் காட்டில் வசிக்கிறவன் கண்ணி வைத்தால் திருட்டு, அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிறவன் சுட்டால் அறிவியல். அரிதாகிவிட்டது என்பது சுடாமலிருக்கக் காரணமாக ஆகவில்லை. உடனே போய் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்பதற்கான காரணமாகத்தான் ஆனது.

இது சேபிளுக்கு மட்டும் நடந்ததில்லை. 1900லேயே லண்டனில் ஆப்பிரிக்க விலங்குகளுக்கென்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், போர்ச்சுக்கல் எல்லாம் உண்டு, ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அதில் வலையும் குழிப்பொறியும் கெட்டவை. லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி நல்லது. சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியவை, ஏனென்றால் அவை கனவான்களுக்குப் போட்டியாக இரலையைத் தின்றுவிடுகின்றன. போதிய நாடுகள் ஏற்காததால் அந்த ஒப்பந்தம் அமலுக்கே வரவில்லை. ஆனால் அதன் புத்தி காலனிச் சட்டங்களுக்குள் தங்கிவிட்டது. 1903ல் பிரிட்டிஷ் வேட்டைப் பிரமுகர்கள் சேர்ந்து பேரரசின் காட்டுயிர்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியபோது அவர்களை 'மனந்திருந்திய கசாப்புக்காரர்கள்' என்று கிண்டல் செய்தார்கள். இந்தச் சங்கம்தான் பின்னாளில் பெயர் மாறி, குணமும் மாறி, மதிக்கத்தக்க அமைப்பாக ஆனது. மனந்திருந்துவதை நான் கேலி செய்யவில்லை. திருந்தியவன் தன் பழைய பங்கை மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டு திருந்தினான் என்பதைத்தான் சொல்கிறேன்.

ரூஸ்வெல்ட் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'வேட்டைக்காரப் பாதுகாவலன்' என்றால் முதலில் காட்டப்படும் படம் அவருடையது. அமெரிக்காவில் அவர் பாதுகாத்த நிலம் நிஜம், பெரிது. பதவி முடிந்த கையோடு 1909ல் ஆப்பிரிக்கா போனார், ஸ்மித்சோனியனுக்காக. அப்பாவும் மகன் கெர்மிட்டும் சுட்ட பெரிய விலங்குகள் 512. கணக்கு அவரே புத்தகத்தில் கொடுத்தது. அதில் 9 வெள்ளைக் காண்டாமிருகங்கள், நைல் கரையில் லாடோ என்ற பகுதியில் சுட்டவை. அது அருகிவரும் விலங்கு என்று தெரிந்துதான் சுட்டார்கள். அருங்காட்சியகங்களில் நல்ல மாதிரி இல்லையே என்பது வாதம். அந்த வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018ல் கென்யாவில் செத்தது. இரண்டு பெண்கள் மிச்சம், தாயும் மகளும். இவற்றை அழித்தது ரூஸ்வெல்ட் இல்லை, பிற்காலத்துப் போர்களும் கொம்புக் கள்ளச் சந்தையும்தான். ஒன்பது என்ற எண்ணையும் மறக்க முடியவில்லை.

இப்போது மொட்டைமாடிக்கு வருகிறேன். ஹெமிங்வேயின் புத்தகம் உண்மையில் இரலைப் புத்தகம். கதையின் முதுகெலும்பே குடு என்ற முறுக்குக் கொம்பு இரலையைத் தேடுவது. கூட வந்த கார்ல் என்பவனின் கொம்புகள் எப்போதும் தன்னுடையதைவிடப் பெரிதாக இருப்பதில் கதைசொல்லிக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் இரண்டு குடுக்களைச் சுட்டுவிட்டுப் பூரித்துப்போய் முகாமுக்குத் திரும்பினால், அங்கே கார்ல் அதைவிடப் பெரிய கொம்போடு உட்கார்ந்திருக்கிறான். அளவுநாடா மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. இந்த அற்பத்தனத்தை மறைக்காமல் எழுதியதற்காகவே ஹெமிங்வேயை எனக்குப் பிடிக்கும்.

அதே புத்தகத்தில் சேபிளும் வருகிறது, நாம் யாரும் அன்று அதைப் பேசவில்லை. ஆண் என்று நினைத்து ஒரு பெண் சேபிளைச் சுட்டுவிடுகிறார். பிறகு ஆணைச் சுடுகிறார், சரியாகப் படவில்லை. காயத்தோடு அது ஓடுகிறது. வெயிலில் ரத்தத் தடம் பிடித்துப் போகிறார்கள், தடம் அற்றுப்போகிறது. ராத்திரி கழுதைப்புலிகள் அதைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், மனம் கசந்துபோகிறார். மெய்யான கசப்புதான். அப்புறம் புத்தகம் நகர்ந்துவிடுகிறது. தடம் பார்த்துக் கூட்டிப்போன உள்ளூர்க்காரர்களில் ஒருவருக்கு அவர் வைத்த பெயர் காரிக். பழைய ஆங்கில நாடக நடிகர் ஒருவரின் பெயர். ஆள் ரொம்ப நடிக்கிறானாம். அவன் அம்மா அப்பா வைத்த பெயர் நமக்குத் தெரியாது. ஹாரிஸ்பக் கதைதான் இதுவும்.

நானும் கென்னத் ஆண்டர்சன் படித்து வளர்ந்தவன்தான். தர்மபுரி, சேலம் காடுகளை அவர் எழுத்தில் பார்த்த பிறகுதான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்கொல்லியைச் சுடுவது வேறு கணக்கு, அதை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம். நான் பேசுவது சுவருக்காகச் சுடுவது பற்றி.

சரி, ராட்சத சேபிள் என்ன ஆனது? 1975ல் அங்கோலா விடுதலை பெற்ற கையோடு உள்நாட்டுப் போர். 2002வரை. காட்டில் படைகள், பசியில் மக்கள், எங்கும் கண்ணிவெடி. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் எஸ்டெஸ் 1969-70ல் லுவாண்டோவில் தங்கி ஆராய்ந்த மந்தைகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. 1982க்குப் பிறகு ஒரு புகைப்படம்கூட இல்லை. அழிந்தே போயிற்று என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். போர் முடிந்ததும் பெட்ரோ வாஸ் பின்டோ என்ற அங்கோலா உயிரியலாளர் கங்கந்தாலா தேசியப் பூங்காவுக்குள் போனார். கிடைத்தது புழுக்கை. அதை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார், மரங்களில் தானியங்கி கேமரா கட்டினார். 2005ல் படம் விழுந்தது. இருபத்து மூன்று வருடம் கழித்து.

படத்தைப் பார்த்தவர்கள் கொண்டாடி முடிப்பதற்குள் இன்னொன்று தெரிந்தது. அந்த மந்தையில் வளர்ந்த ஆண் சேபிளே இல்லை. ஆண் இல்லாமல் பெண்கள் ரோன் என்ற வேறு இன இரலையோடு கூடியிருந்தன. கன்றுகள் கலப்பினம். அதாவது இனம் கண்ணெதிரே உயிரோடு இருந்துகொண்டே கரைந்துகொண்டிருந்தது. 2009ல் ஒன்பது தூய பெண்களைப் பிடித்து வேலிக்குள் விட்டார்கள். லுவாண்டோவில் ஓர் ஆணைத் தேடிப்பிடித்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் கன்றுகள் பிறந்தன. இன்று மொத்தம் சில நூறு இருக்கலாம். தினமும் காட்டைச் சுற்றி வருவது பக்கத்துக் கிராமங்களிலிருந்து எடுத்த காவலர்கள். அவர்களுக்கு 'மேய்ப்பர்கள்' என்று பெயர். அவர்கள் அகற்றுவது கம்பிச் சுருக்குகளையும் இரும்புப் பொறிகளையும். அவற்றை வைக்கிறவர்களும் பெரும்பாலும் ஏழைகள்தான், சந்தைக்கு இறைச்சி விற்கிறவர்கள். இதில் எனக்கு ஒரு ரொமான்ஸும் இல்லை. கண்ணி வைக்கிறவனும் காவல் நிற்கிறவனும் ஒரே ஊர்க்காரனாக இருக்கலாம். இருந்தாலும் இந்தப் பக்கத்தில் டிராஃபிக்காரன் எங்கே? அறுபது அங்குலப் பட்டியலில் பெயர் போட்டவர்களில் எவன் புழுக்கை பொறுக்கினான்?

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாள்கொம்பு ஓரிக்ஸ் என்ற சஹாரா இரலை. வண்டியில் துரத்திச் சுட்டும், போரிலும் வறட்சியிலும் அது காட்டில் அற்றுவிட்டதாக 2000ல் ஐயூசிஎன் அறிவித்தது. அதே நேரத்தில் டெக்சஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தது, காசு கொடுத்துச் சுட வருகிறவர்களுக்காக. நமீபியாவில் 1996க்குப் பிறகு கிராமக் கூட்டமைப்புகளுக்கு விலங்குகள் மேல் உரிமை கொடுத்தார்கள். வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் கிராமத்துக்கு வருகிறது, விலங்குகள் பெருகின. நாளைக்கே எல்லாவற்றையும் தடை செய் என்று சென்னையில் உட்கார்ந்து கோஷம் போட்டால், அந்த நிலம் மாட்டுப்பண்ணையாகும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2016ல் சாட் நாட்டுக்கு ஓரிக்ஸ் திரும்பியபோது அனுப்பியது அபுதாபி அரசு சேர்த்து வளர்த்த மந்தையிலிருந்து. சஹாராவில் வேலை செய்யும் அமைப்புகளும் சாட் அரசும் மேய்ச்சல்காரர்களும் சேர்ந்த ஏற்பாடு. 2023ல் 'காட்டில் அற்றது' என்ற நிலையிலிருந்து அது கீழிறக்கப்பட்டது அதனால்தான். வேலிக்குள் இருக்கும் ஆயிரம் ஓரிக்ஸ் ஒரு விதைநெல், சரி, பத்திரமாக இருக்கட்டும். விதைநெல்லை விளைச்சல் என்று காட்டாதீர்கள். நமீபியாவிலும் விஷயம் துப்பாக்கியில் இல்லை, உரிமை யார் கையில் என்பதில் இருக்கிறது. ஊருக்கு உரிமை கொடுத்த இடத்தில் விலங்கு பிழைத்தது. துப்பாக்கி வந்து ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புண்ணியத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது.

பணத்தை மட்டும் நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளைப் பாருங்கள். நீளக் கொம்புக்காகச் சேபிளை மாடு மாதிரி ஜோடி சேர்த்து, ஏலம் விட்டு, தங்க நிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா என்று வகைவகையாக 'அரிதை' உற்பத்தி செய்தார்கள். அரிதானதற்கு விலை என்றால் அரிதைத் தயாரிப்பதுதானே வியாபாரம். ஜிம்பாப்வேயின் வேட்டைப் பகுதியொன்றில் பல பத்தாண்டு அளவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வில் சேபிள், இம்பாலா இரண்டுக்கும் கொம்பு நீளம் குறைந்துகொண்டே வந்திருப்பது தெரிந்தது. நீளமானதைத் தேடித்தேடிச் சுட்டால் வேறென்ன மிஞ்சும்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நண்பரைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஹெமிங்வேய படிக்கக் கூடாதுங்கறீங்களா?" என்றார். படிக்கத்தான் சொல்கிறேன் என்றேன். மாதக் கடைசி ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம். அந்தக் காயம்பட்ட சேபிளைத் தொலைக்கும் பக்கங்களை நான் சத்தமாக வாசிப்பதாக ஏற்பாடு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டீ அவர் பொறுப்பு.